அலாரம் முதலில் யாருக்குப் போகவேண்டும்

எங்கள் கம்பெனி தென்காசியில் கிளை திறந்தபோது அதற்குச் 'சோதனை முயற்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆறு மாதம் பார்ப்பார்கள். சரிப்பட்டு வந்தால் கிளை இருக்கும், இல்லையென்றால் பதினான்கு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போகவேண்டும். நிபந்தனை ஒன்றுதான். பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் ஒரு வாடிக்கையாளரின் இணையதளத்தை நாங்கள் இங்கிருந்து கண்காணிக்க வேண்டும். அதில் கோளாறு வந்தால் முதலில் நாங்கள்தான் அவரிடம் சொல்லவேண்டும். அவர் எங்களிடம் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.

மற்றவர்களுக்கு இது வேலைப் பிரச்சினை. எனக்குக் குடும்பப் பிரச்சினை. என் மனைவிக்கு வீரகேரளம்புதூரில் அரசுப் பள்ளியில் வேலை. அந்த வேலை கிடைத்த நாளிலிருந்து அவளும் மகளும் தென்காசியில், நான் சென்னையில். நான்கு வருடம் இப்படியே போனது. மகளுக்கு முதல் பல் விழுந்ததை நான் பார்த்தது வாட்ஸ்அப்பில். கிளை திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கிய முதல் ஆள் நான். கிளை மூடினால் மறுபடியும் அந்த நான்கு வருடம்தான். இதை நினைக்காமல் நான் அந்த அலுவலகத்தில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

என் பொறுப்பில் இருந்தது ஒரு பெட்டி. லோடு பேலன்சர் என்பார்கள். பெட்டி இருப்பது சென்னையில், அதை மேய்ப்பது தென்காசியிலிருந்து. கல்யாணப் பந்தி வாசலில் நின்றுகொண்டு, "இந்த வரிசை நிறைஞ்சிட்டு, அந்தப் பக்கம் போங்க" என்று ஆட்களைப் பிரித்து உட்காரவைப்பவர் ஒருவர் இருப்பார் அல்லவா, அந்த வேலைதான் அதற்கு. டிக்கெட் எடுக்க வருகிற கூட்டத்தை நான்கு சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும். பெட்டி திணறினாலோ, ஏதாவது ஒரு சர்வர் பதில் சொல்லத் தாமதித்தாலோ எங்கள் போனில் அலாரம் அடிக்கவேண்டும். எந்த அளவைத் தாண்டினால் அடிக்கவேண்டும், யாருக்கு அடிக்கவேண்டும் என்று பெட்டியிடம் நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். எந்த அளவு என்பதை அரை நாளில் முடித்துவிட்டேன். யாருக்கு என்பதற்கு மூன்று வாரம் ஆனது.

நான் முதலில் போட்ட பட்டியலில் இரண்டு பேர்: நானும், அன்றைக்கு ஷிப்டில் இருக்கும் இன்னொரு இன்ஜினியரும். அதைக் கிளைத் தலைவரிடம் காட்டினேன். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சென்னை அலுவலகத்திலிருந்து வரும் மெயில்கள்கூட 'ஹாய் அண்ணாச்சி' என்றுதான் தொடங்கும். செங்கோட்டைச் சாலையில் நாங்கள் இருந்த கட்டடமே அவர்கள் குடும்பத்துக் கட்டடம். நல்ல மனிதர். பட்டியலைப் படித்தார், மடித்தார், மறுபடி விரித்துப் படித்தார்.

"ஏலே, இதுல என் பேரு எங்கன இருக்கு?"

"அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

"நாளைக்கு ஒண்ணுன்னா சென்னைக்காரன் எங்கிட்டதான கேப்பான்? ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பொறவு எனக்குத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

எங்கள் ஊரில் பிறந்தவன் எவனும் இந்தக் கேள்விக்கு எதிர்க்கேள்வி போடமாட்டான். நல்லதோ கெட்டதோ, இங்கே செய்தியைவிட அது யாருக்கு முதலில் போனது என்பதுதான் முக்கியம். கல்யாணப் பத்திரிகையைத் தாய்மாமன் வீட்டுக்கு முன்னால் வேறு வீட்டில் வைத்துவிட்டு, அந்தத் தாய்மாமனைப் பந்தியில் உட்காரவைக்கப் பட்ட பாடு எங்கள் குடும்பத்திலேயே உண்டு. சாவுச் செய்தியைத் தபாலில் சொன்னான் என்று பதினைந்து வருடம் பேசாமலிருந்த பங்காளிகளும் உண்டு. அதனால் அண்ணாச்சி பெயரைச் சேர்த்தேன். சேர்த்தால் மட்டும் போதாது என்பது மறுநாள் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் அது அவருக்கு வந்ததாகாதாம். சரி என்று அலாரம் அவருக்கு முதலிலும், மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம் கழித்தும் போகும்படி அமைத்தேன். அந்தப் பெட்டியைச் செய்த வெளிநாட்டுக்காரன் இப்படியொரு வசதியை எதற்காக வைத்தானோ தெரியாது. எங்களுக்குச் சரியாகப் பொருந்தியது.

அண்ணாச்சி பெயர் இருக்கிறது என்ற செய்தி மத்தியானச் சாப்பாட்டுக்குள் அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் இருந்தார். லீவு, சம்பளச் சீட்டு, பிறந்தநாள் கேக் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"தம்பி, நான் இந்த ஆபீஸ்ல வேண்டாதவளா?"

"அக்கா, அது சர்வர் சம்பந்தப்பட்ட..."

"புரியுதோ புரியலையோ, சொல்லணும்லா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அக்கா பெயரைச் சேர்த்தேன். அக்கா இருக்கும்போது அவருக்குப் பக்கத்தில் உட்காரும் பெண் இல்லாமல் முடியுமா? அவளைச் சேர்த்தால் டேட்டா என்ட்ரி செய்யும் நான்கு பேரை விடமுடியுமா? மூன்றாவது வாரம் பட்டியலில் பதினான்கு பேரும் இருந்தோம். பதினைந்தாவதாக, வாசலில் இருந்த செக்யூரிட்டியும் தன் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தார். திருவேங்கடம் ஊர்ப் பக்கத்து ஆள். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் அவரை ஹவில்தார் என்றே கூப்பிடுவோம். "தம்பி, கேட்ல நிக்கேன். உள்ள என்ன நடக்குன்னு எனக்கும் தெரியணும்ல" என்றார். அவரை மட்டும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பதினைந்து பேரில் அந்தச் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் ஐந்து பேர். மற்றவர்களுக்கு அது வெறும் மரியாதை. அதோடு, அண்ணாச்சி சொல்லி நானே ஒரு விதிமுறையும் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினேன்: கிளைத் தலைவருக்குத் தெரியப்படுத்தாமல் யாரும் பெட்டியில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. ஒட்டி முடித்ததும் அதைத் தள்ளிநின்று பார்த்தேன். இவ்வளவு பேர் கண்காணிக்கும் ஒரு பெட்டி உலகத்தில் வேறெங்கும் இருக்காது என்று உண்மையாகவே பெருமைப்பட்டேன். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

சோதனை நாள் மே மாதக் கடைசியில் வந்தது. கோடை விடுமுறை முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் வாரம். டிக்கெட்டுக்குக் கூட்டம் அலைமோதியது. அன்று வைகாசி முகூர்த்தமும்கூட. அண்ணாச்சி சிவகிரியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். காலை பதினொன்று இரண்டுக்குப் பெட்டி முறைப்படி அவருக்கு முதல் அலாரத்தை அனுப்பியது. சர்வர் பதில் சொல்லத் தாமதமாகிறது, அவசரம் என்று. சரியாக அந்த நேரத்தில் மண்டபத்தில் கெட்டிமேளம். போன் அவர் சட்டைப்பையில் கிடந்து அதிர்ந்ததை அவர் அறியவில்லை.

பதினொன்று நான்குக்கு எங்கள் பதினான்கு போன்களும் ஒரே சமயத்தில் அலறின. அடுத்து நடந்ததை நான் மறைக்காமல் சொல்லவேண்டும். எல்லோரும் போனை எடுத்துப் பார்த்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். "உனக்கு வந்துச்சா?" "வந்துச்சு. உனக்கு?" "எனக்கும் வந்துச்சு." அக்கா மாடிப்படியில் இறங்கி வந்து, "எனக்கும் வந்துருக்கு" என்றார். அவர் முகத்தில் ஒரு நிறைவு. எல்லோருக்கும் வந்துவிட்டது என்று உறுதியானதும், அண்ணாச்சிக்கு வந்ததா என்ற கேள்வி எழுந்தது. ஆளாளுக்கு அவருக்குப் போன் போட்டோம். பதின்மூன்று பேர் ஒரே நம்பரை அழைத்தால் எல்லோருக்கும் 'பிஸி' என்றுதான் வரும். பிஸி என்று வந்ததும், ஆகா, அவர் சென்னையோடு பேசிக்கொண்டிருக்கிறார், விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நிம்மதியானோம்.

எனக்குக் கோளாறு என்னவென்று அப்போதே பாதி தெரியும். நான்கு சர்வரில் ஒன்று முடங்கியிருக்கும். பெட்டி அதைப் பார்த்து 'உயிரோடு இருக்கிறாயா?' என்று மட்டும் கேட்கும்படி நான் அமைத்திருந்தேன். அதுவும் 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும். பெட்டி அதை நம்பி, கால்வாசிக் கூட்டத்தை அங்கேயே அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தச் சர்வரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டால் போதும். ஒரே நிமிட வேலை. கையருகில் கீபோர்டு. என் மனைவி, என் மகள், என் நான்கு வருடம் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது என்றும் தெரியும். ஆனாலும் நான் என்ன செய்தேன்? ஏழாவது தடவையாக அண்ணாச்சிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். சுவரில் நானே ஒட்டிய காகிதம் எதிரே இருந்தது.

பதினொன்று பன்னிரண்டுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு ஹவில்தார் வந்தார். கையில் போன்.

"அவசரம்னு வந்துருக்கு. இன்னைக்கு டூட்டி யாரு?"

மறுபடியும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"டூட்டின்னு ஒருத்தர் இருப்பாருல்லா? யாரு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. சங்கு ஊதினால் ஓடவேண்டிய ஆள் யாரென்று தெரியாத ஓர் இடத்தில் அவர் இதற்குமுன் வேலை பார்த்ததில்லை. "நான்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சர்வரை எடுத்தேன். பதினொன்று பதின்மூன்றுக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

ஆனால் பதினொன்று எட்டுக்கே வாடிக்கையாளர் சென்னைக்குப் போன் செய்து கத்திவிட்டிருந்தார். சென்னை எங்களை அழைத்திருக்கிறது. எங்கள் நம்பர்கள் எல்லாம் பிஸி.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அலமாரியின் மேல் வைத்திருந்த என் பழைய பயணப் பையையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் அறிக்கை எழுதச் சொன்னார்கள். எப்போது தெரிந்தது, எப்போது சரிசெய்தீர்கள், இடையில் என்ன செய்தீர்கள் என்று மூன்று கேள்வி. மூன்றாவதற்கு நான் வெகுநேரம் யோசித்து, 'தகவல் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதினேன். பொய் இல்லை. சென்னையிலிருந்த எங்கள் மேலாளர் வீடியோ அழைப்பில் அதை வாய்விட்டுப் படித்தார்.

"எட்டு நிமிஷமா யாருக்குத் தகவல் தெரிவிச்சீங்க?"

"அண்ணாச்சிக்கு, மேடம்."

"அவருக்குத் தெரிஞ்சுதா?"

"இல்லை, மேடம்."

பக்கத்தில் இருந்த அண்ணாச்சி, "அவன் முறையாத்தான் செஞ்சிருக்கான்" என்று எனக்காகப் பரிந்து பேசினார். அந்தப் பரிவிலேயே கிளையை மூடிவிடுவார்கள் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

மூடவில்லை. அலாரம் ஒரு வினாடிகூடத் தாமதிக்காமல் வந்திருக்கிறது, வந்த பிறகு நடந்ததுதான் கேலிக்கூத்து என்று மேலாளருக்குப் புரிந்திருந்தது. இன்னும் ஆறு மாதம் தந்தார். இனி பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கவேண்டும் என்றார். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, ஞாயிறு உட்பட. அதற்குப் பிறகு சென்னை பார்த்துக்கொள்ளும். யார் அந்த ஆள் என்று கேட்டபோது அண்ணாச்சி கொஞ்சமும் யோசிக்கவில்லை. பட்டம் கட்டுவதுபோல என் தோளில் கைவைத்து, "இவன்தான்" என்றார். பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டதற்காக அக்கா என்னோடு பத்து நாள் பேசவில்லை. ஹவில்தார் மட்டும், "இப்பதான் சரி" என்றார்.

ஆக, என் குடும்பம் தென்காசியில் இருப்பதும் இல்லாததும் இனி என் ஒருவன் காதில்தான் இருக்கிறது. அந்தப் பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பெட்டியின் உழைப்பு நூற்றுக்கு எண்பதைத் தாண்டினால் அலாரம் அடிக்கும்படி இருந்ததை அறுபதாக இறக்கினேன். தாண்டிய அந்த வினாடியே அடிக்கும்படியும் மாற்றினேன். முன்னாலேயே தெரிந்தால் நல்லதுதானே? அறுபது என்பது அந்தப் பெட்டிக்குச் சாதாரண நாள். அதனால் தினமும் பத்துத் தடவை அடித்தது. நான் வாயில் தோசையோடு எழுந்து ஓடுவேன். பள்ளி விட்டு மூன்று பஸ்ஸை விட்டு நான்காவது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கதையை மனைவி சொல்லிக்கொண்டிருக்கும்போது எழுந்து ஓடுவேன். திரும்பி வரும்போது கதை முடிந்திருக்கும். மகள் அந்த அலாரத்தை அச்சுப்பிசகாமல் வாயால் அடிக்கக் கற்றுக்கொண்டாள். அதற்கும் இரண்டு தடவை ஓடியிருக்கிறேன்.

ஜூலையில் சாரல் பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை ஐந்தருவிக்குப் போனோம். வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. நான் தென்காசிக்கு வந்து ஆறு மாதமாகியும் மூவருமாகப் போனது அதுதான் முதல் தடவை. மனைவியும் மகளும் பெண்கள் பக்கம் போனார்கள். நான் கைப்பைகள், செருப்புகள், துண்டுகள், லேப்டாப் எல்லாவற்றையும் காவல் காத்துக்கொண்டு, போனை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் தேய்த்த உடம்புகள் என்னை உரசிக்கொண்டு அருவிக்குப் போய்த் திரும்பி வந்தன. குற்றாலத்தில் நனையாமல் நின்ற ஆள் நான் ஒருவன்தான்.

அவர்கள் குளித்துவிட்டு வந்தார்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மனைவி கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க. நான் பாத்துக்கிடுதேன். ஒரு தடவ நின்னுட்டு வாங்க."

"வேண்டாம், அடிச்சா..."

"அடிச்சா கூப்பிடுதேன். போங்க."

போனேன். அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்ததும் உலகத்தில் வேறு சத்தமே இல்லை. ஐந்து நிமிடமோ பதினைந்தோ, எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்தவர் தோளைத் தட்டி நகரச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன். சிரித்துக்கொண்டே வந்தேன் என்று மகள் பிறகு சொன்னாள்.

"அடிச்சுதா?"

"மூணு தடவ அடிச்சுது" என்றாள் மனைவி. "'பார்த்துவிட்டேன்'னு ஒரு பொத்தான் வந்துச்சு. அமுக்கிட்டேன்."

அந்தப் பொத்தானை அமுக்கினால், ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு சென்னையிலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பழக்கடைகளுக்கு முன்னால், ஊரே பார்க்க, அவளிடம் கத்தினேன். உனக்கு என்ன தெரியும், கிளையை மூடிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா, இவ்வளவும் யாருக்காக என்று என்னென்னவோ. அவள் பதிலுக்குக் கத்தவில்லை. மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"நாலு வருசம் நான் உங்ககூட போன்ல குடும்பம் நடத்துனேன். இப்ப இங்கன வந்து நீங்க அந்தப் போன்கூட நடத்துதிய. அம்புட்டுதான் வித்தியாசம்."

நான் ஈரத் துண்டோடு ஒரு கட்டைச் சுவரில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். அறுபத்தொன்று, ஐம்பத்தொன்பது, அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று. மூன்று அலாரமும் அவ்வளவுதான். பெட்டிக்கு ஒன்றுமில்லை, அது நன்றாக இருந்தது. ஒன்றரை மாதமாக என்னை இலையிலிருந்து எழுப்பி ஓடவைத்த அந்த அறுபதை வைத்தவன் நான். லேப்டாப்பை மூடிவிட்டேன். மனைவி முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மகள் ரம்புட்டான் வேண்டும் என்றாள், வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை, பெட்டியில் எதை மாற்றினாலும் சென்னைக்கு அனுப்பவேண்டிய மாற்றக் கோரிக்கைப் படிவத்தைத் திறந்தேன். அறுபதை எண்பத்தைந்து ஆக்கவேண்டும், அதுவும் தொடர்ந்து ஐந்து நிமிடம் அப்படியே இருந்தால் மட்டும் அடிக்கவேண்டும் என்று எழுதினேன். அந்தப் படிவத்தில், இந்த அமைப்பால் இப்போது பாதிக்கப்படுபவர்கள் யார் என்று ஒரு கட்டம் உண்டு. எப்போதும் 'யாருமில்லை' என்று போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன். அன்று 'இரண்டு பேர். மனைவி, மகள்' என்று எழுதினேன். அழிக்கலாமா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அப்படியே அனுப்பிவிட்டேன்.